காப்புக் கட்டிய லொறி

ஏப்ரல் 12, ஞாயிறு

காலையிலேயே கோயில் கமிட்டிக்காரர்கள் ஹாலிஎலை டவுனில் என் பட்டறைக்கு இறங்கி வந்துவிட்டார்கள். முன்னால் என் தங்கச்சி மாப்பிள்ளை அழகையா, கழுத்தில் மஞ்சள் துண்டு. தலைவராகி இரண்டு வருஷம் ஆகிறது. அன்று ஏறிய துண்டு இன்னும் இறங்கவில்லை. குளிக்கும்போதாவது கழற்றுவாரா என்று ஜெயலெட்சுமியிடம் ஒரு நாள் கேட்க வேண்டும்.

மேற்கணக்குத் தோட்டத்து மாரியம்மன் வருஷா வருஷம் என் லொறியில்தான் ஊர்வலம் போகிறாள். அது ஊருக்கே தெரியும், புதிதாகக் கேட்க ஒன்றுமில்லை. இந்த முறை வேறு விஷயம். கார்த்திகை மழையில் மண் சரிந்த பிறகு ஸ்பிரிங்வெளி ரோட்டில் அந்தப் பெரிய வளைவு பாதிதான் மிச்சம். ஜெனரேட்டரை அந்த வழியால் இழுத்து வர முடியாது என்று பதுளைக்காரன் கையை விரித்துவிட்டானாம்.

"லொறியிலயே எல்லாம் ஓடணும் மச்சான். சீரியல் பல்பு, ஆர்ச் லைட்டு, ரெண்டு ஸ்பீக்கர் பொக்ஸ் செட்டு. இன்வேர்ட்டர் நாங்க வாங்கித் தாறோம். வயரிங் தெரிஞ்ச ஆளு நீங்கதானே."

தெரிந்த ஆள். தேவைப்படுகிற நாளில் நான் தெரிந்த ஆள். போன வருஷம் கமிட்டிக்கு ஆள் சேர்த்தபோது, "அவரு தோட்டத்து ஆளு இல்லையே, டவுன்ல இருக்காரு" என்று சொன்னதும் இதே வாய்தான். பிறந்தது மேற்கணக்கு ஆறாம் லயத்து வரிசை வீட்டில். கொழும்பில் ஒரு கராஜில் வேலை பழகிவிட்டு, வந்து ஹாலிஎலையில் ஒரு அறையும் பக்கத்தில் ஒரு பட்டறையும் எடுத்துக்கொண்டால் தோட்டத்து ஆள் இல்லை.

சரி என்றேன். வேறென்ன சொல்ல?

ஏப்ரல் 14, செவ்வாய்

வருஷப் பிறப்பு. தங்கச்சி ஜெயா வீட்டில் சாப்பாடு. குவைத்துக்குப் போன என் பெண்சாதி இனி என்னிடம் திரும்பமாட்டாள் என்று ஆன பிறகு, எனக்கென்று இருப்பது இந்த ஒரு வீடுதான். பண்டிகை என்றால் அங்கே. காய்ச்சல் என்றாலும் அங்கே.

ஜெயாவின் மகள் நிரஞ்சலா பரிமாறினாள். பதின்மூன்று வயது. இன்னும் மழை இரைந்தால் பிள்ளை எழுந்து வாசலுக்கு ஓடுகிறாளாம். கார்த்திகையில் லயத்துக் கடைசி அறைகளை மண் தள்ளியபோது இடுப்பு வரை புதைந்து கிடந்தவள். தோண்டி எடுத்த கைகளில் என் கையும் ஒன்று.

ஜெயா அன்றைக்கே நேர்ந்துகொண்டாளாம்: பிள்ளை பிழைத்தால் ஊர்வலம் முழுக்க அம்மன் காலடியில் விளக்கேந்தி உட்காருவாள் என்று. எனக்கு இன்றுதான் தெரியும். ஆகவே என் வயர்களுக்கு மேலே, இன்வேர்ட்டருக்கு ஒரு முழம் தள்ளி, நிரு உட்காரப்போகிறாள்.

ஏப்ரல் 19, ஞாயிறு

பதுளையில் பழைய சாமான் கடைகளெல்லாம் ஏறி இறங்கி ஒரு அல்டர்னேட்டர் எடுத்தேன். இங்கே எல்லாரும் டைனமோ என்பார்கள். லொறியில் இருப்பது நாற்பது அம்பியர். ஹெட்லைட்டுக்கும் ஹோர்னுக்கும் அது தாராளம். இவர்கள் கேட்கிற கூத்துக்கு எழுபதுக்கு மேல் வேண்டும். எடுத்தது தொண்ணூறு. கடைக்காரன் பலீல் சுற்றிக் காட்டினான், பேரிங் சத்தமில்லை.

அழகையா போனில், "அப்ப முடிஞ்சுது மச்சான், பூட்டிற வேண்டியதுதானே" என்கிறார். பூட்டிவிட வேண்டியதுதான்! டைனமோவைப் பெரிதாக்கிவிட்டு அதிலிருந்து பேட்டரிக்குப் போகும் வயரைப் பழசாகவே விட்டால் என்ன ஆகும்? நாற்பதுக்குப் போட்ட வயரில் தொண்ணூறு போகப் பார்க்கும். வயர் சுடும். உறை இளகும். எங்காவது ஒரு கம்பியில் ஒட்டும். பிறகு பல்புகளுக்கு வேலையே இருக்காது, லொறியே எரிந்து வெளிச்சம் காட்டும்.

சுண்டுவிரல் பருமனில் கேபிள் வாங்க வேண்டும். பியூஸ் வேண்டும். ஏர்த் கேபிளும் அதே பருமனில் வேண்டும். இதையெல்லாம் போனில் சொன்னேன். "ம், ம்" என்றார். பக்கத்தில் யாருடனோ பந்தல் கதை பேசிக்கொண்டே சொன்ன "ம்".

ஏப்ரல் 26, ஞாயிறு

இன்று முழு நாளும் லொறிக்கு அடியில். முதுகு போயிற்று.

முதல் வேலை பேட்டரியின் மைனஸைக் கழற்றிக் கட்டி வைத்தது. கொழும்பில் என்னோடு வேலை செய்த ஒருவன் அதைச் செய்யாமல் ஸ்பேனர் வைத்து, அவன் மோதிரம் பழுத்து விரலோடு போனதைப் பார்த்தவன் நான். அந்த நாளிலிருந்து மோதிரமும் போடுவதில்லை.

டைனமோ உட்கார்ந்துவிட்டது. பிரக்கெட்டை மட்டும் கொஞ்சம் ராவ வேண்டியிருந்தது. புது பெல்ட். புது கேபிளை அடிச்சட்டமான சேசி ஓரமாக, சைலன்சரை விட்டு விலக்கி, ஒரு சாண் இடைவெளிக்கு ஒரு கிளிப் போட்டுக் கொண்டு போனேன். ஓட்டை வழியாகப் போகிற இடத்தில் ரப்பர் வளையம். பியூஸ் பேட்டரிக்குப் பக்கத்தில். வயர் எங்காவது உரசித் தொட்டால் லொறியின் இரண்டு பேட்டரியும் சேர்ந்து மொத்தத்தையும் அதில்தான் கொட்டும். அதனால் அடைக்கிற கதவான பியூஸ் பேட்டரி வாசலிலேயே இருக்க வேண்டும்.

எஞ்சினுக்கும் சேசிக்கும் நடுவிலான ஏர்த் கேபிள்தான் பாக்கி. அதன் முனையில் அடிக்கும் பெரிய லக் வளையம் பதுளையில் முடிந்துவிட்டது, அடுத்த கிழமை வருமாம். போகிற கரண்ட் திரும்பி வருகிற வழி அந்தக் கேபிள்தான். பழைய பட்டை வயர் பாதி அற்றுக் கிடந்ததால் கழற்றி எறிந்தேன். சும்மா ஓட்டுவதற்கு ஒரு தற்காலிக வயர் போட்டிருக்கிறேன்.

நல்ல வேலை. யாரும் பார்த்துச் சொல்லப் போவதில்லை, நானே எழுதி வைக்கிறேன்.

மே 3, ஞாயிறு

ஆத்திரமாக வருகிறது.

லொறியைப் பெயின்ட் அடிக்கவென்று வெள்ளிக்கிழமை கோயிலடியில் விட்டு வந்தேன். வருஷா வருஷம் கதவுக்கும் பொடித் தகட்டுக்கும்தான் அடிப்பார்கள். இந்த முறை இளந்தாரிகள் பக்தி முற்றிச் சேசிக்கும் சேர்த்து அடித்து வைத்திருக்கிறார்கள். சிவப்பு. நட்டு, போல்ட்டு, பிரக்கெட், எல்லாம் சிவப்பு. லேசாக இல்லை, மூன்று கோட்.

லக் வந்துவிட்டது, ஏர்த் கேபிளோடு போனேன். சேசியில் கேபிள் உட்காரும் இடத்தை இரும்பு தெரியச் சுரண்ட வேண்டும். எமரித் தாளை எடுத்தேன், அழகையா ஓடி வந்தார்.

"என்ன மச்சான் செய்றீங்க? சாமி வண்டி. பூசைக்கி அடிச்ச பெயின்ட்ட சுரண்டலாமா?"

"பெயின்ட்டுல கரண்ட் போகாது மாப்புள்ள."

"போல்ட்டு இரும்புதானே? அதுல போகும்ல? நல்லா இறுக்கிப் பூட்டுங்க."

சுற்றிப் பத்துப் பேர். என் கையில் எமரித் தாள், கோயில் வாசலில் களவெடுக்க வந்தவனைப் பார்ப்பது போல ஒரு பார்வை. எனக்குத் தெரியும், போல்ட்டின் மரையில் தொட்டும் தொடாமலும்தான் இருக்கும். ஹெட்லைட்டுக்குப் போதும். தொண்ணூறு அம்பியருக்குப் போதுமா?

பெயின்ட்டுக்கு மேலேயே பூட்டினேன். இறுக்கித்தான் பூட்டினேன். வாக்குவாதம் செய்யத் தெம்பில்லை.

மே 8, வெள்ளி

காப்புக் கட்டியாயிற்று. ஸ்டீரிங்கில் மஞ்சள் துணி, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம், கதவில் வேப்பிலை. இனி அடுத்த சனிக்கிழமை அம்மன் ஏறி உட்கார்ந்த பிறகுதான் எஞ்சின் இயங்கும். அதுவரை யாரும் சாவி தொடக்கூடாது. இது நான் சிறு வயதிலிருந்து பார்க்கிற வழக்கம். முன்பெல்லாம் இதில் பிரச்சினை இருந்ததில்லை. ஒரு பல்பும் ஒரு குழாய் ஸ்பீக்கரும்தானே.

இன்வேர்ட்டர் இன்று காலைதான் வந்தது. கமிட்டி வேலை! அவசர அவசரமாகப் பூட்டினேன். எல்லாப் பல்பையும் போட்டு எஞ்சினை ஓடவிட்டுப் பார்க்க வேண்டும் என்றேன். பூசாரி கையில் துணியோடு நிற்கிறார், "நல்ல நேரம் முடியுது, எறங்குங்க" என்கிறார்கள். இறங்கினேன்.

ஒரு தடவைகூட முழு லோட் கொடுத்துப் பார்க்கவில்லை.

மே 10, ஞாயிறு

கோயிலில் நிருவுக்குப் பட்டுப் பாவாடை அளந்தார்கள். நைலக்ஸ் கலந்த துணி. தீ பட்டால் உடம்போடு ஒட்டுகிற சாதி. இதையெல்லாம் நான் ஏன் கவனிக்கிறேன்? மற்ற மாமன்கள் நிறத்தைக் கவனிப்பார்கள்.

மே 12, செவ்வாய்

செய்துவிட்டேன்.

எல்லாரும் மலையில் கொழுந்து எடுக்கிற நேரமாகப் பார்த்துப் போனேன். கோயில் கொட்டகையில் லொறி. செருப்பைக் கழற்றினேன், முகம் கை கால் கழுவினேன். "தாயே, பிள்ளைக்காகத்தான்" என்று சொல்லிவிட்டுத்தான் ஏறினேன். எலுமிச்சம்பழம் நசுங்கவில்லை, வண்டி ஒரு அங்குலம் நகரவில்லை. எஞ்சினை மட்டும் ஓடவிட்டு எல்லாப் பல்பையும் பொக்ஸையும் போட்டேன்.

பார்க்க அழகாகத்தான் இருந்தது. பிறகு கெபினுக்குள் வாடை. எக்ஸிலேட்டர் கேபிளில் கை வைத்தேன், சுட்டது. அதன் பிளாஸ்டிக் உறை எஞ்சின் பக்கத்தில் இளகி வழிய ஆரம்பித்திருந்தது.

நினைத்தது சரி. சிவப்புப் பெயின்ட் வழியை அடைத்துவிட்டது. திரும்பி வர வேண்டிய கரண்டுக்கு ஏர்த் கேபிளில் இடமில்லை, அது எக்ஸிலேட்டர் கம்பியைப் பிடித்துக்கொண்டு போகிறது. மீற்றர் வைத்தேன். எஞ்சினுக்கும் சேசிக்கும் நடுவில் ஒன்றும் காட்டக்கூடாது. இரண்டு வோல்ட் காட்டியது. சில நிமிஷத்துக்கே இந்தச் சூடு. ஊர்வலம் விடிய விடிய.

அணைத்தேன். மைனஸைக் கழற்றினேன். ஏர்த்தைப் பிரித்து, இரும்பு பளபளக்கும் வரை சுரண்டி, எஞ்சின் பக்கத்தையும் சுரண்டி, பூட்டி, மேலே கிரீஸ் தடவினேன். மறுபடி ஓடவிட்டேன். கேபிள் குளிர்ந்தே இருந்தது. மீற்றர் அசையவில்லை. அந்த நிமிஷம் எனக்கு வந்த நிம்மதி இருக்கிறதே, அழுகை போல வந்தது.

இறங்கித் திரும்பினால் கொட்டகை வாசலில் ஆறாம் லயத்து விஜயலெட்சுமி. பிள்ளைக்கு வாந்தி என்று கங்காணியிடம் சொல்லிவிட்டுக் கொழுந்துக் கூடையோடு இறங்கி வந்திருக்கிறாள். என்னைப் பார்த்தாள், சாவியைப் பார்த்தாள், ஓடிக்கொண்டிருக்கிற எஞ்சினைப் பார்த்தாள்.

"காப்புக் கட்டுன வண்டிண்ணே" என்றாள். கூடையோடு லயத்துப் பக்கம் ஓட்டமும் நடையுமாகப் போனாள்.

மே 13, புதன்

கோயில் மண்டபத்தில் கூடினார்கள். நான் குற்றவாளி மாதிரி நடுவில்.

இளகின கேபிள் உறையைத் துண்டாக வெட்டிக் கொண்டுபோயிருந்தேன். கையில் கொடுத்தேன். ஒருவன் மோந்து பார்த்துவிட்டு அடுத்தவனிடம் கொடுத்தான். சந்தனம் சுற்றி வருவது போல ஒரு சுற்றுச் சுற்றி என்னிடமே திரும்பி வந்தது.

"இது எரிஞ்சிருக்கும். பிள்ள லொறி மேல இருக்கிற நேரம் எரிஞ்சிருக்கும்" என்றேன்.

"எரியலையே" என்றான் ஒருவன்.

எரியலையே. எரியவிடாமல் செய்தது நான்தானே. நடக்காத ஒன்றை எப்படிக் காட்டுவது? எரிந்து காட்டினால்தான் நம்புவாங்களா? அப்ப ஏன்டா என்னைய வயரிங் தெரிஞ்ச ஆளுன்னு கூப்பிட்டீங்க?

கடைசியில் அழகையாதான் எழுந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை, துண்டைச் சரிசெய்துகொண்டே பேசினார். "மச்சானா இருந்தாலும் முறை முறைதான். கட்டுன காப்ப அவரு மதிக்கல. இனி அந்த வண்டில அம்மா ஏற மாட்டா. பதுளை ஸரூக் பாயோட லொறி கேட்ருக்கோம், அதே மாடல்தான். அதுக்குப் புதுசா காப்புக் கட்டுவோம். மச்சான் அடுத்த வருசம் காப்புக் கட்டுற வரைக்கும் மேற்கணக்குல காலு வைக்கக் கூடாது. எந்த வீட்டுக்கும்."

எந்த வீட்டுக்கும். அந்த மலையில் எனக்கு எத்தனை வீடு இருக்கிறது? ஒன்று. அதுவும் அவருடையது.

ஜெயா தூணுக்குப் பின்னால் நின்றாள்.

மே 14, வியாழன்

இதை எழுதி வைக்காவிட்டால் நாளைக்கு நானே நம்பமாட்டேன்.

அழகையா வந்தார். தனியாக, துண்டில்லாமல். பட்டறையின் பின்கதவால் வந்தார். தண்ணீர் கொடுத்தேன், குடிக்கவில்லை, கிளாஸைச் சுற்றிக்கொண்டே இருந்தார்.

"மச்சான், அந்த ஸரூக் பாய் லொறியையும் ஒரு தடவ பாத்துருங்க."

எனக்கு முதலில் விளங்கவே இல்லை.

"நம்ம லொறில போட்ட மாதிரியே. அந்தத் தடிச்ச வயரு, பியூசு, எல்லாம். நாளைக்கி பாய்ட வீட்லயே வச்சுச் செஞ்சிருங்க, தோட்டத்துக்கு வரவேணாம். யாருக்கும் தெரிய வேணாம்."

"நேத்து கேபிளக் கையில குடுத்தப்ப என்ன சொன்னீங்க?"

"நான் ஒண்ணும் சொல்லலையே மச்சான்."

"அதத்தான் கேக்குறேன். ஒண்ணும் சொல்லலையே."

கத்தினேன். வாய்க்கு வந்ததெல்லாம் கத்தினேன். ஒங்க சாமி என்னைய வேணாம்னுச்சே, இப்ப என் வயரு மட்டும் வேணுமா? காலு தீட்டு, கை தீட்டு இல்லையா? அவர் வாங்கிக்கொண்டார். எல்லாம் முடிந்த பிறகு, "நிரு ஏர்றா மச்சான்" என்றார்.

ஸ்பேனர் பெட்டியை எடுத்து வெளியே வைத்தேன்.

மே 15, வெள்ளி

புதன் இரவே இளந்தாரிகள் பட்டறையில் கொண்டுவந்து விட்டிருந்த என் லொறியை விடிந்ததும் பதுளைக்குக் கொண்டுபோனேன். ஸ்டீரிங்கில் இருந்த மஞ்சள் துணியை அவர்களே அவிழ்த்துவிட்டிருந்தார்கள். ஸரூக் வீட்டு முற்றத்தில் இரண்டு லொறியையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, என்னுடையதிலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றி அவனுடையதில் பூட்டினேன். டைனமோ, பெல்ட், கேபிள், பியூஸ், கிளிப், ரப்பர் வளையம். ஏர்த்துக்கு இரண்டு பக்கமும் நன்றாகச் சுரண்டினேன். அங்கே தடுக்க யாருமில்லை.

ஸரூக் நல்லவன். சாவியைத் தந்துவிட்டு ஒரு கதிரையைப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான். தோட்டத்து ஆள் கொண்டுவந்து இறக்கிய இன்வேர்ட்டரையும் பல்புகளையும் கொடுத்து, முழு லோட் போட்டுப் பொழுது சாயும் வரை ஓடவிட்டேன். பியூஸ், கேபிள், லக், எக்ஸிலேட்டர் கம்பி என்று மாறி மாறித் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பெல்ட்டை ஒரு தடவை இறுக்கினேன்.

"நான் ஒண்டு கேக்கவா அண்ணே? ஒங்கட லொறியில எல்லாம் செஞ்சு முடிஞ்சு நல்லாத்தானே ஈந்திச்சு. என்னத்துக்கு எண்ட லொறி?"

"ஒங்க லொறி சுத்தம் பாய்."

அவன் தன் லொறியைப் பார்த்தான். முந்தாநாள் மாட்டுச் சாணி ஏற்றினது, மூலையில் இன்னும் ஒட்டிக் கிடந்தது. எங்கள் இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பல நாளைக்குப் பிறகு சிரித்தேன்.

டைனமோவும் வயரும் போன என் லொறியை இன்னொன்றில் கட்டி இழுத்துத்தான் ஹாலிஎலைக்குக் கொண்டுவர வேண்டியிருந்தது.

மே 16, சனி

ஊர்வலம். நான் பட்டறையில்.

மே 17, ஞாயிறு

காலை முதல் பஸ்ஸில் இறங்கினவர்களிடம் கேட்டேன். ஒரு குறையுமில்லை என்றார்கள். பிள்ளை? "அம்மன் மாதிரியே இருந்துச்சு" என்றார்கள். வந்து படுத்தேன். பகல் முழுக்கத் தூங்கினேன்.

மே 18, திங்கள்

வீடியோ எல்லார் போனிலும் ஓடுகிறது. டீக் கடையில் நானும் பார்த்தேன். உண்மையைச் சொன்னால், வெளிச்சம் பிரமாதம். தேயிலைச் சரிவெல்லாம் நிறம் மாறி மாறித் தெரிகிறது. ஒரு பல்பு மங்கவில்லை, மினுங்கவில்லை. நடுவில் நிரு, கையில் விளக்கு, முகம் கொஞ்சம் தூக்கக் கலக்கம்.

கடைசியில் அழகையா மைக்கில் பேசுகிறார். துண்டோடு. "குத்தம் பட்ட வண்டிய அம்மா ஒதுக்கினா. சுத்தமான வண்டில ஏறினா. ஏறின பெறகு ஒரு கொறை உண்டா? பாருங்க, ஒரு பல்பு அணையல."

ஒரு பல்பு அணையவில்லை. அது நான் செய்த குற்றத்துக்குச் சாட்சி.

கடைக்காரன், "என்னண்ணே, நீங்க அன்னைக்கி தொடாம இருந்திருக்கலாம்ல" என்றான். டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்தேன்.

மே 21, வியாழன்

பழைய நாற்பது அம்பியரையே என் லொறியில் திரும்பப் பூட்டினேன். நாளையிலிருந்து தெமோதரைப் பக்கம் மரக்கறி லோட். ஹெட்லைட் எரிந்தால் போதும். எனக்கெதற்கு ஆர்ச் லைட்?

மே 24, ஞாயிறு

ஜெயா வந்தாள். தனியாகப் பஸ்ஸில். கையில் பிரசாத டப்பா.

வாசலில் நின்றாள், உள்ளே வா என்றேன், பஸ் வந்துவிடும் என்றாள். அடுத்த பஸ்ஸுக்கு நேரம் கிடக்கிறது. இருவருக்குமே தெரியும்.

"நிரு நல்லா இருக்காண்ணே. மழ இரைஞ்சாலும் இப்ப எந்திரிச்சு ஓடுறதில்ல. ஒரு பொறிகூட மேல படல. அம்மா காப்பாத்திட்டா."

பேசாமல் இருந்துவிட வேண்டும் என்றுதான் இருந்தேன். வீடு கெட்டுப்போகும், அவள் நேர்த்தியில் குறை வந்துவிடும், புருஷன் பெண்சாதிக்குள் சண்டை வரும் என்றெல்லாம் ஒரு கிழமையாக எனக்கு நானே சொல்லி வைத்திருந்தேன். அந்த 'அம்மா காப்பாத்திட்டா'வில் எல்லாம் போய்விட்டது.

"அம்மாதானா? யாரு வயரு பூட்டுனான்னு ஒம் புருஷன்கிட்டக் கேளு. வியாழக்கெழம இந்தப் பின்கதவால வந்து கெஞ்சுனாரா இல்லையான்னு கேளு."

முழுதும் சொன்னேன். ஸரூக் வீடு, டைனமோ, கட்டி இழுத்து வந்தது, எல்லாம். அவள் திடுக்கிட வேண்டும், அழ வேண்டும், நேரே போய் அந்தத் துண்டைப் பிடித்து உலுக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. அவள் டப்பாவின் மூடியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெரியும்ணே."

"என்ன தெரியும்?"

"நான்தான் அவர அனுப்பினேன். அண்ணன் பாக்காத லொறில எம் பிள்ளய ஏத்த மாட்டேன், நேத்திக்கடன் நின்னாலும் பரவால்லன்னேன். அப்பறந்தான் வந்தாரு."

பட்டறைக் கதிரையை அவள் பக்கம் தள்ளினேன்.

"அப்ப நான் ஏன் வீட்டுக்கு வரக்கூடாது ஜெயா?"

பஸ் வருகிறதா என்று ரோட்டை எட்டிப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "ஊரு சொல்லிருச்சு. அவரு தலைவரு. நாங்க அந்த லயத்துலதான இருக்கணும்ணே. ஒரு வருசந்தானே, பொறுத்துக்கங்க."

டப்பாவைக் கதிரையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

அழகையா மட்டும் என்றால் ஒன்றுமில்லை. அவர் என்றைக்குமே அப்படித்தான், திட்டித் தீர்த்துவிடலாம். இவள் நான் தோளில் தூக்கிப் பள்ளிக்கூடம் கொண்டுபோனவள். உலகத்திலேயே என் கை வேலையை நம்புகிற ஒரே ஆள் இவள்தான் என்று இன்று தெரிந்தது. நம்பி, உயிரையே என் கையில் கொடுத்துவிட்டு, ஆளை வெளியே நிறுத்தி வைக்கிறாள். இதைவிட அவளும் அந்தக் கூட்டத்தோடு சேர்ந்து என்னைக் குற்றவாளி என்று நம்பியிருந்தால் எனக்கு வலி குறைவாக இருந்திருக்கும்.

பிரசாதத்தைச் சாப்பிட்டேன். பசி.

ஜூன் 9, செவ்வாய்

ஸரூக் போன் எடுத்தான். டைனமோவையும் வயரையும் கழற்றித் தரட்டுமா என்றான். இருக்கட்டும் என்றேன். அடுத்த வருஷமும் அவன் லொறிதானாம், கமிட்டி முடிவு செய்துவிட்டது.

ஜூன் 28, ஞாயிறு

தெமோதரையிலிருந்து வரும்போது மேற்கணக்குப் பிரியும் சந்தியில் நிறுத்தினேன். ஏன் நிறுத்தினேன்? கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

ஜூலை 19, ஞாயிறு

அழகையா போன். ஊர்வல இன்வேர்ட்டரை இரண்டு பேட்டரியோடு கோயிலுக்குள்ளேயே மாட்டியிருக்கிறார்களாம், கரண்ட் போனால் எரியவென்று. இப்போது சார்ஜ் ஏறவில்லையாம், என்னமோ கருகின வாடை வருகிறதாம். ஆடி வெள்ளி வேறு தொடங்கிவிட்டது.

"எல்லாரும் மலைக்குப் போன பெறகு ஒரு நடை வந்துட்டுப் போங்க மச்சான். மேல் குறுக்கு வழியா வந்தா யாரும் பாக்க மாட்டாங்க. ஜெயாவும் சொன்னா."

நான் கத்தவில்லை. எனக்கே ஆச்சரியம், குரல்கூட உயரவில்லை. "வாடை வந்தா மொதல்ல மைனஸக் கழட்டி வைங்க, யாரையும் கிட்ட விடாதீங்க" என்று எப்படிக் கழற்றுவதென்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். கழற்றிவிட்டு வந்து, கழற்றியாயிற்று என்று அவர் சொல்லும் வரை போனை வைக்கவில்லை.

பிறகு சொன்னேன்: "காலையில வேலைக்குப் பேர் குடுக்கிற பெரட்டுக்கு எல்லாரும் வந்து நிப்பாங்கல்ல. அந்த எடத்துல வச்சு, எல்லாருக்கும் கேக்குற மாதிரி என்னையக் கூப்பிடுங்க. பெரிய ரோட்டால வாறேன்."

"பாப்போம் மச்சான்" என்று வைத்துவிட்டார்.

ஜூலை 24, வெள்ளி

கூப்பிடவில்லை.

ஆடி வெள்ளிக்கு மேற்கணக்குக் கோயிலில் மெழுகுதிரிதான் கொளுத்தினார்களாம், மரக்கறி ஏற்ற வந்த பையன் சொன்னான். மைனஸ் இன்னும் கழற்றியபடியே இருக்கிறதா என்று கேட்டேன். அவனுக்கு அது என்னவென்றே தெரியவில்லை.

கோயிலுக்கென்று இரண்டு நல்ல பேட்டரியைச் சார்ஜில் போட்டு வைத்திருக்கிறேன். ஏறிவிட்டது. எடுத்து வாசல் பக்கமாக வைத்திருக்கிறேன்.